புது வாழ்வுக்குப் புது ஊர்: முடிவெடுக்கும் முன் எண்ண வேண்டியவை

மணமுறிவு, துணையின் மறைவு, வேலை இழப்பு, குடிப்பழக்கத்திலிருந்து மீளும் முயற்சி என எந்தக் காரணத்துக்காக ஆலோசனைக்கு வந்தாலும், சில சந்திப்புகளுக்குள் பலரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: இந்த ஊரை விட்டே போய்விட்டால் என்ன? உளவியல் ஆலோசகராக இக்கேள்விக்கு நான் 'போங்கள்' என்றோ 'போகாதீர்கள்' என்றோ பதில் சொல்வதில்லை. ஊர் மாற்றம் சிலருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. வேறு சிலருக்கோ பழைய துன்பம் முகவரி மாறியதோடு சரி. இவ்விரு சாராரையும் வேறுபடுத்துவது புது ஊரின் அழகோ வசதியோ அன்று. எதை விட்டுப் போகிறோம், அங்கே நம் சாதாரண நாள் ஒன்று எப்படிக் கழியும் என்பதைப் போகும் முன் எந்த அளவுக்குத் தெளிவாக எண்ணிப் பார்த்தார்கள் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டு வன்முறையிலிருந்தோ, முன்னாள் துணையின் பின்தொடர்தலிலிருந்தோ விலகிச் செல்பவருக்கு, நிதானம் குறித்து நான் கீழே சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. அவருக்கு ஊர் மாற்றம் ஒரு பாதுகாப்பு நடவடிக்கை. ஆனால் வன்முறையாளரைப் பிரியும் காலமும், பிரிந்ததை ஒட்டிய காலமுமே ஆபத்து கூடும் காலம் என்பதால், அது திட்டமிட்ட நடவடிக்கையாக இருக்க வேண்டும். கைப்பேசியின் இருப்பிடப் பகிர்வு, இருவரும் பயன்படுத்திய மின்னஞ்சல், கூட்டு வங்கிக் கணக்கு, குழந்தையின் பள்ளி ஆவணத்தில் ஏறும் புது முகவரி ஆகிய ஒவ்வொன்றும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும். வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் அமைப்பு ஒன்றுடன், வன்முறையாளர் பார்க்க இயலாத கைப்பேசியிலிருந்து பேசி, அடையாள ஆவணங்களையும் மருத்துவக் கோப்புகளையும் முன்கூட்டியே கைக்கெட்டும்படி வைத்துக்கொண்டு புறப்படுவதே நல்லது.

மற்றவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களை வருத்துபவற்றில் எவை இந்த ஊருக்கு உரியவை, எவை உங்களோடு கூடவே வரக்கூடியவை என்பதைத்தான். அன்றாடம் கடந்தாக வேண்டிய மருத்துவமனை வாசல், முன்னாள் துணையின் உறவினர்கள் நிறைந்த தெரு, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் ஊரின் பார்வை ஆகியவை ஊருக்கு உரியவை. அவற்றை விட்டுப் போக முடியும். கடன், தூக்கமின்மை, அடக்க முடியாத கோபம், குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கப்படாத சிக்கல் ஆகியவை மூட்டை முடிச்சோடு வந்து சேரும். மனச்சோர்வு நோயில் இருப்பவருக்கு இருக்கும் இடமே வெறுத்துப்போவது அந்நோயின் ஒரு முகமாகவும் இருக்கலாம். அத்தகையோரில் சிலருக்குச் சிகிச்சை பலன் தரத் தொடங்கியதும் ஊரை விட்டுப் போகும் அவசரம் தானாகவே தணிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போதைப் பழக்கத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் நுட்பமானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களை ஆராய்ந்தார். அங்கிருந்தபோது தாம் போதைக்கு அடிமையாகியிருந்ததாக ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தெரிவித்தார். அப்படி அடிமையானவர்களில், நாடு திரும்பிய மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அந்நிலைக்குச் சென்றவர்கள் சுமார் 12 சதவீதத்தினரே. இடம் மாறினால் பழக்கம் போகும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர், ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவ்வீரர்கள் முன்பின் தெரியாத ஊருக்குப் போகவில்லை. பழக்கம் பிறந்த போர்க்களத்தை விட்டு, உறவும் வேலையும் காத்திருந்த இடத்துக்குத் திரும்பினார்கள். சொந்த வீட்டுத் தனிமையில் பல ஆண்டுகளாகக் குடித்து வந்த ஒருவர், யாரையும் அறியாத ஊரில் தனி அறை எடுத்துத் தங்குவது ஏறக்குறைய அதற்கு நேர்மாறான பயணம். ஆகவே மீட்சியில் இருப்பவர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே பழக்கத்தை விட்டு மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் மீட்சிக் குழுவின் கூட்டம் எந்த நாளில், எங்கே நடக்கிறது என்பதை வீடு பார்ப்பதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும் என்பேன்.

எப்போது போவது என்பதும் எங்கே போவது என்பதற்கு இணையான கேள்வி. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்னும் இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகள் தரும் சுமைக்கு மதிப்பெண் அளித்து ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதில் துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73; குடியிருப்பை மாற்றுவதற்கு வெறும் 20தான். ஆனால் ஊர் மாற்றம் தனித்து வருவதில்லை. மணமுறிவோடு பணநிலை மாற்றத்துக்கு 38, வேறு வகை வேலைக்கு 36, வாழ்க்கைச் சூழல் மாற்றத்துக்கு 25, குடியிருப்புக்கு 20, பழகும் வட்டம் மாறுவதற்கு 18 எனக் கூட்டினால் 210 ஆகிறது. தனிமனிதருக்கு என்ன நேரும் என்பதை இந்த எண்கள் முன்கூட்டிச் சொல்லிவிடா. எனினும் சுமைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன என்பதை அவை கண்முன் காட்டுகின்றன. துணையை இழந்தவர்களிடம் முதல் ஆண்டில் வீட்டை விற்பது போன்ற திருப்ப முடியாத முடிவுகளை இயன்றவரை தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். சில மாதங்கள் வேறிடத்தில் தங்கி வருவது வேறு, வேரோடு பெயர்வது வேறு.

இனி ஊரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். மக்கள் பெரும்பாலும் விடுமுறையில் பார்த்த ஊரையே விரும்புகிறார்கள். அங்கே அவர்கள் கண்டது ஊரை மட்டுமல்ல, வேலையும் கவலையும் இல்லாத தங்களையும்தான். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இதமான தட்பவெப்பம் கொண்ட கலிபோர்னியா மாணவர்களும், கடுங்குளிர் வாட்டும் மத்திய மேற்கு மாநில மாணவர்களும் தம் வாழ்க்கை குறித்துக் கூறிய மனநிறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் கலிபோர்னியாவில் வாழ்பவர்களே அதிக மனநிறைவோடு இருப்பார்கள் என்று இரு தரப்பினருமே கணித்தார்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மனத்தை முழுவதும் அடைத்துக்கொள்கிறது. குடியேறிய பின்னரோ அந்த வேறுபாட்டைப் பற்றி நாள்தோறும் யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. மலையும் கடலும் சன்னலுக்கு வெளியே அப்படியேதான் இருக்கும். பார்ப்பதற்கு நமக்குத்தான் நேரம் இருக்காது.

பழகிப்போகாத தொல்லைகளும் உண்டு. நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் பயண நேரம் அவற்றுள் முதன்மையானது. நெடுந்தொலைவு பயணம் செய்வோர், அதற்கு ஈடாக நல்ல ஊதியமோ பெரிய வீடோ பெற்றிருக்க வேண்டும் என்பது பொருளியல் எதிர்பார்ப்பு; ஆனால் அலோயிஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரே ஆகியோர் ஜெர்மானியத் தரவுகளைக் கொண்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை நிறைவு குறைவதே தெரிந்தது. ஆகவே ஒரு கூடுதல் அறைக்காக ஊரின் விளிம்புக்குப் போவதைவிட, சிறிய வீடானாலும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் நடந்தோ குறுகிய பயணத்திலோ எட்டக்கூடிய இடத்தைப் பார்க்கச் சொல்வேன்.

இவை எல்லாவற்றையும்விடப் புதிதாகத் தொடங்குவோரைத் தடுமாற வைப்பது தனிமையே. வந்த புதிதில் கிடைக்கும் விடுதலை உணர்வு அதை மறைத்துவிடுகிறது. வீடு ஒழுங்காகி, வேலை பழகி, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாத மாலை ஒன்றில்தான் அது தெரியவருகிறது. அண்மையில் ஊர் மாறியவர்களையும் உள்ளடக்கி ஜெஃப்ரி ஹால் செய்த ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லத்தக்கவராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால், அவர் நண்பராவதற்கே ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிவிடும். ஆறாவது மாதத்தில் 'இந்த ஊரில் யாரும் ஒட்டவில்லை' என்று மனமுடைபவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்; குறை அவரிடமும் இல்லை, ஊரிடமும் இல்லை.

இந்த மணி நேரங்கள் தாமாகச் சேரும் இடமா என்று பார்ப்பதே ஊர்த் தேர்வின் மையம் என்பது என் கருத்து. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1950இல் மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நட்பைப் பெரிதும் தீர்மானித்தது கதவுகளுக்கு இடையிலான தொலைவும், மாடிப்படி போன்ற பொதுவழிகளுமே. அடுத்த வீட்டாரைத் தவிர்க்க முடியாமல் நாள்தோறும் எதிர்ப்படும் அமைப்பு, கூச்ச சுபாவம் உள்ளவருக்கு எந்த அறிவுரையையும்விட உதவும். வாரம் தவறாமல் ஒரே முகங்கள் கூடும் இடங்கள், அதாவது நூலகம், பாட்டுக் குழு, விளையாட்டுத் திடல், வழிபாட்டுக் கூட்டம், தன்னார்வப் பணி போன்றவை, நடந்து போகும் தொலைவில் உண்டா என்று பாருங்கள். ஒரு முறை போய்வரும் விழாவைவிட, சலிப்பூட்டினாலும் திரும்பத் திரும்ப நடக்கும் கூட்டமே இங்கே பயன்படும்.

பழக்கங்களைப் பொறுத்தவரை, ஊர் மாற்றம் ஒரு குறுகிய வாய்ப்பைத் தருகிறது. பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களை ஊக்குவிக்கும் முயற்சி, அண்மையில் வீடு மாறியவர்களிடமே கூடுதலாகப் பலித்தது. அந்தச் சாதகமான காலம் சுமார் மூன்று மாதங்களே நீடித்தது. எனவே நடைப்பயிற்சியோ, இரவில் கைப்பேசியைத் தள்ளி வைப்பதோ, எதுவானாலும் 'முதலில் வீடு ஒழுங்காகட்டும்' என்று ஒத்திப்போடாமல் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். அறைகலன்கள் காத்திருக்கலாம்.

குழந்தைகள் இருந்தால், பெற்றோரின் புதுத் தொடக்கம் அவர்களுக்கு ஓர் இழப்பாகவே முதலில் தெரியும். காரணத்தை அவர்கள் வயதுக்கேற்ற மொழியில் சொல்வதும், பழைய நண்பர்களோடு தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்வதும், இயன்றால் கல்வியாண்டின் இடையில் மாற்றாதிருப்பதும் அவசியம்.

முடிவெடுக்கும் முன், அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில், வேலை நாட்களில், சுற்றுலாப் பகுதிக்கு வெளியே சில நாள் தங்கிப் பாருங்கள். காலை நெரிசலில் வேலையிடத்துக்குப் போய்வாருங்கள். இரவில் தெருவில் நடந்து பாருங்கள். எடுத்த எடுப்பில் வாங்காமல் வாடகைக்கு இருங்கள். மனநல மருந்து உட்கொள்பவர்கள், புது ஊரில் மருத்துவரைக் கண்டறிந்து முதல் சந்திப்புக்கு நாள் குறித்த பின்னரே புறப்பட வேண்டும். இடையில் தீர்ந்துபோகாதபடி மருந்தும், சிகிச்சைச் சுருக்கமும் கையில் இருக்கட்டும். இப்போதைய ஆலோசகரிடம் இணையவழிச் சந்திப்புகளைச் சில மாதங்களுக்குத் தொடர முடியுமா என்று கேளுங்கள். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் உரிம விதிகள் அதற்கு இடம் தருவதில்லை என்பதால், இதைப் பெட்டி கட்டும் நாளில் அல்லாமல் முன்கூட்டியே கேட்பது நல்லது.