மேட்டூர்த் தண்ணீரும் வாட்ஸ்அப் வீடியோவும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மாணவர் குழுக்களில் சாயங்காலமே ஒரு நியூஸ் கார்டு சுற்ற ஆரம்பிக்கும்: ‘பள்ளி, கல்லூரிகளுக்கு நாளை விடுமுறை. ஆட்சியர் அறிவிப்பு’. ஓரத்தில் டிவி சேனல் லோகோ, நடுவில் ஆட்சியர் படம், அடியில் சிவப்புப் பட்டை. பிள்ளைகள் இதை அப்படியே நம்புவதில்லை. தேதியைப் பார்ப்பார்கள், போன வருஷத்துக் கார்டா என்று. அப்புறம் லோகோ, எழுத்துரு. ‘விடுமுரை’ என்று இருந்தால் அந்த இடத்திலேயே அது போலி.

இந்தச் சோதனை நேற்றுவரை நன்றாகவே வேலை செய்தது. பொய்யைப் பிசிறில்லாமல் தயாரிக்க நேரமும் கைத்திறனும் வேண்டும். அவசரமாகச் செய்த போலியில் எங்காவது ஒரு ஓட்டை தெரியும். சொன்னது உண்மையா என்று ஆராய்வதைவிட, பார்க்க ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது மூளைக்குச் சுலபம். அதனால் மூளை தோற்றத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மென்பொருள் வந்த பிறகு அந்த அளவுகோல் உடைந்துவிட்டது. இந்த வகை மென்பொருள் கோடிக்கணக்கான வாக்கியங்களில் பழகி, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அறிவிப்பின் நடையை அது கற்றிருக்கிறது. அறிவிப்பு வந்ததா என்று சரிபார்ப்பது அந்தக் கணிப்பின் வேலையில்லை. ஆகவே மெய்யும் பொய்யும் ஒரே சுத்தமான நடையில் வெளிவரும். குரலும் தப்பவில்லை. 3 விநாடி மாதிரிக் குரலைக் கேட்டு அதே ஆள் பேசுவது போல் பேச வைக்கும் கருவியை மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டது.

உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சோஃபி நைட்டிங்கேல், ஹேனி ஃபரீத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி உருவாக்கிய முகங்களையும் நிஜ முகங்களையும் கலந்து காட்டினார்கள். மக்கள் சரியாகச் சொன்னது 48 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலும் அதே கதிதான். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று காட்டிய பிறகும் 59 சதவீதம்தான். போதாக்குறைக்கு, பொய் முகங்களைத்தான் சற்றுக் கூடுதலாக நம்பத்தக்கவை என்றார்கள். ‘ஏஐ படமா என்று அறிய, விரல் ஆறு இருக்கிறதா பார்’ என்ற பாடத்தை மட்டும் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கவலை தருகிறது. அடுத்த பதிப்பில் விரல் ஐந்தாகிவிடும்.

இன்னொரு பலவீனம் பழையது. ஒரு சேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றும். ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1977-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். இரண்டு வார இடைவெளி விட்டுச் சில வாக்கியங்களை மறுபடி காட்டியதும், பொய்யான வாக்கியங்கள்மீதும் நம்பிக்கை கூடியது. பழக்கப்பட்டதைப் படிப்பது சுலபம். அந்தச் சுலபத்தை மூளை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. குடும்பக் குழு, கல்லூரிக் குழு, ஊர்க் குழு மூன்றிலும் ஒரே வீடியோ வந்தால் மூன்று சாட்சி கிடைத்தது போல இருக்கும். மூன்றும் ஒரே ஃபார்வர்டாக இருக்கலாம்.

சரி, எதுதான் பலன் தருகிறது? ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் அறிமுகமில்லாத இணையப் பக்கங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். மாணவர்களும், பல பேராசிரியர்களும்கூட, அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து அழகான வடிவமைப்பில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். விதை நெல் வாங்கும் விவசாயி சாக்கின் பளபளப்பைப் பார்க்காமல், அதில் தைத்திருக்கும் நீலச் சான்று அட்டையைப் பார்ப்பது போலத்தான்.

டெல்டா பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதை அவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். இந்த ஊர்ச் செய்திகளில் பாதி தண்ணீர்ச் செய்தி, தண்ணீருக்குக் கணக்கு உண்டு. ‘மேட்டூரில் ஒரே நாளில் 40 டிஎம்சி திறப்பு’ என்று ஒரு கார்டு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 1 லட்சம் கனஅடி நாள் முழுக்க ஓடினால் மொத்தம் 8.64 டிஎம்சி. 40 டிஎம்சி போக விநாடிக்கு நாலரை லட்சம் கனஅடிக்கு மேல் வேண்டும். அணை 120 அடிக்கு நிரம்பினாலே கொள்ளளவு 93.47 டிஎம்சிதான். பத்தாம் வகுப்புப் பெருக்கல் போதும், கார்டு சந்தேகத்துக்குரியது என்று தெரிந்துவிடும்.

நேரமும் சாட்சி சொல்லும். குறுவைக்காக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் பல நாள். ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வேகம் கூடும், ஆனாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடாது. காலையில் திறந்த தண்ணீர் மதியமே கொள்ளிடத்து அணைக்கரையில் கரை புரள்வதாக ஒரு வீடியோ வந்தால், படம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் கேள்வி எழ வேண்டும். பழைய வெள்ளமாக இருக்கலாம். திருச்சி பக்கத்து முக்கொம்பு அணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட நிஜப் படமே, தேதியை மாற்றிப் போட்டால் இன்றைய பொய்யாகிவிடும். அதற்கு ஏஐகூடத் தேவையில்லை. “சித்தப்பா, கொள்ளிடத்துல இப்ப எவ்ளோ தண்ணி போவுது?” என்று கரையோரத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டாலே தெரிந்துவிடும். மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரைக் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார்.

எல்லாவற்றையும் ‘ஏஐ’ என்று தள்ளிவிடுவதையும் நான் சம அளவு ஆபத்தாகவே பார்க்கிறேன். எதையும் போலியாகச் செய்யலாம் என்று ஊர் நம்பத் தொடங்கிவிட்டால், நிஜத்தை மறைக்க விரும்புகிறவருக்கு அந்த ஒரு சொல் போதும். ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் 2019-இலேயே இதை எச்சரித்தார்கள். கார்த்திகையில் கதிர் வரும் சம்பா மூழ்கிக் கிடக்கும்போது, விவசாயி எடுத்த படத்தை யாராவது ‘இது ஏஐ’ என்றால் நஷ்டம் அவருக்குத்தான். படத்தின் மேல் இடமும் நேரமும் பதிக்கும் செயலிகள் இருக்கின்றன; அந்தப் பதிவையும் போலியாகப் போட முடியும். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து வயலுக்கே வந்து, சர்வே எண் வாரியாக எழுதுவதற்கு இப்போது முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.