வீட்டில் வெங்காயம் மிஞ்சிவிட்டதா? முதலில் மூட்டையைக் கொட்டுங்கள்

வெங்காய விலை இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அழைப்பு வரும். "மேடம், ஏத்திக்கிட்டுப் போனா வண்டி வாடகைகூடத் தேறாது. மூணு மூட்டை சின்ன வெங்காயம் வீட்டுலயே கிடக்கு. எதாச்சும் பண்ண முடியுமா?" பெரம்பலூர், திருச்சி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களுக்கு உணவு பதப்படுத்தும் பயிற்சி கொடுப்பது என் வேலை. செட்டிகுளம், ஆலத்தூர் பக்கமெல்லாம் பிள்ளைகளின் படிப்புச் செலவே சின்ன வெங்காயத்தை நம்பித்தான் இருக்கும். நட்ட 65, 70 நாளில் அறுவடை. எல்லோரும் ஒரே சமயத்தில் எடுப்பதால் விலை சரிகிறது. டவுனில் இருப்பவர்கள் கேட்கும் விதம் வேறு. மலிவாகக் கிடைத்தது என்று பத்து கிலோ வாங்கிவிட்டு, மூன்றாம் வாரம் சமையலறையில் நாற்றம் வந்த பிறகு கேட்பார்கள்.

இருவருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். சமையல் குறிப்பெல்லாம் அப்புறம். மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டுங்கள்.

வெங்காயத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் தண்ணீர். மூட்டைக்குள் ஒன்று அழுகிக் கசிந்தால் அந்த ஈரமே சுற்றியுள்ளதையும் அழுகவைக்கும். கொட்டிய வெங்காயத்தை மூன்றாகப் பிரியுங்கள். கழுத்து நன்றாகக் காய்ந்து, கையில் கல் போல் இருப்பது ஒரு குவியல். அது இன்னும் பல வாரம் தாங்கும். கழுத்துப் பச்சையாக இருப்பது, இரட்டையாகப் பிளந்தது, முளைவிட்டது, அடிபட்டது இன்னொரு குவியல். இந்த வாரமே வேலை செய்ய வேண்டியது இதில்தான். அழுத்தினால் குழைவது மூன்றாவது குவியல். அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். நல்ல வெங்காயம் பத்திரமாக இருக்கட்டும், அதில் கைவைக்க அவசரமில்லை.

நல்ல குவியலுக்குக் காற்றுதான் வேண்டும். இங்கே விவசாயிகள் போடும் பட்டறையைப் பாருங்கள்: தரையில் படாமல் உயரமாக, அகலம் குறைவாக, பக்கமெல்லாம் இடைவெளி விட்டு, மேலே கூரை. அதே கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். மூங்கில் கூடையிலோ கயிற்று வலையிலோ போட்டுக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பாலித்தீன் பையும் ஃப்ரிட்ஜும் முழு வெங்காயத்துக்கு ஆகாது. ஈரத்தில் முளைத்துக் கொழகொழத்துப்போகும். உருளைக்கிழங்கையும் அதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

மேல்தோலில் கரி பூசியதுபோல் கறுப்புத் தூள் இருந்தால் பலர் பயந்து மொத்தமாகக் கொட்டிவிடுகிறார்கள். 2021இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, அது வெங்காயத் தோலிலிருந்துதான் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. இரண்டும் வெவ்வேறு பூஞ்சைகள். வெங்காயத் தோலில் இருப்பது பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ் நைஜர். அந்த அடுக்கை உரித்துப் போட்டு, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். உள்ளடுக்கு வரை கறுத்துக் குழைந்திருந்தால் வேண்டாம். முளைவிட்டதையும் எறியாதீர்கள். பச்சைத் தாளை நறுக்கிப் பொரியலில் போடலாம், கிழங்கு கெட்டியாக இருந்தால் தொட்டியில் ஊன்றலாம்.

இனி இரண்டாவது குவியல். பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது தாளிப்பு வடகத்துக்குத்தான். நம் பாட்டிமார் மிஞ்சிய வெங்காயத்துக்குக் கண்டுபிடித்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் இதை ருசித்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் 'வாதூவான்' என்று அழைக்கிறார்கள்; நம் வடகம் என்ற சொல்தான் அது. நம் வீடுகளிலோ இதைப் போடத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு.

பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்குத் தோது. உரித்த சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ. இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் மைய அரைத்தால் கூழாகிவிடும், காயாது. தோல் உளுந்து நூறு கிராம், கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு எழுபத்தைந்து கிராம் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் உருண்டை பிடித்து, விட்டுநின்ற சாற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். சாயங்காலம் உருண்டைகளை உடைத்து, அந்தச் சாற்றிலேயே மறுபடி பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்டிக் காயவைக்க வேண்டும். சாறு முழுக்க இழுத்ததும் இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, உள்ளே ஈரமே இல்லாமல் கல்லாகும் வரை காயவிடுங்கள். எட்டு, பத்து நாள் ஆகலாம். சந்தேகமாக இருந்தால் ஓர் உருண்டையை உடைத்துப் பாருங்கள். நடுவில் மெத்தென்று இருந்தால் இன்னும் வெயில் தேவை. அவசரப்பட்டு டப்பாவில் அடைத்தால் நடுவிலிருந்து பூஞ்சை பிடிக்கும். சரியாகக் காய்ந்தது அடுத்த வெயில் வரை இருக்கும். மீன் குழம்புக்கும் கீரைக் கடைசலுக்கும் ஒரு துண்டு கிள்ளித் தாளித்தால் போதும்.

பெரிய வெங்காயம் மிஞ்சினால் சீவலாக உலர்த்துவது எளிது. குஜராத்தில் மஹுவா வட்டாரத்துத் தொழிற்சாலைகள் இதைத்தான் பெரிய அளவில் செய்து ஏற்றுமதி செய்கின்றன. மெல்லிசாகச் சீவி, துணியில் பரப்பி, மேலே கொசுவலை போட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். வளைத்தால் 'டப்'பென்று ஒடிய வேண்டும். எட்டு, பத்து கிலோ வெங்காயம் காய்ந்து ஒரு கிலோவாகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பொடித்துவிடாதீர்கள், பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். சீவலாகவே வைத்து, வேண்டும்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். சமீப காலமாகப் பயிற்சிக்கு வருபவர்கள் செல்போனில் வீடியோ காட்டுகிறார்கள்: வெங்காயத்தை லேசாக வதக்கி, பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாதாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும். வெங்காயத்துக்குள் இருக்கும் தண்ணீர் அப்படியே இருக்கும், அதில் புளிப்பும் போதாது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமிக்கு வேண்டியதே காற்றில்லாத, ஈரமான, புளிப்பு குறைந்த இடம்தான். மண்ணுக்குள் விளையும் வெங்காயத்தில் அதன் வித்துகள் இருக்கலாம், சாதாரணமாக வதக்கினால் அவை சாகாது.

1983 அக்டோபரில் அமெரிக்காவின் பியோரியா நகரில் ஓர் உணவகத்தில் இது நடந்தே இருக்கிறது. வெங்காயத்தை மார்ஜரின் என்ற வெண்ணெய் போன்ற கொழுப்பில் வதக்கி, இளஞ்சூட்டில் அப்படியே வைத்திருந்து, திரும்பக் கொதிக்கவிடாமல் பரிமாறியிருக்கிறார்கள். 28 பேருக்கு பொட்டுலிசம், அதாவது அந்தக் கிருமி விடும் நஞ்சால் வரும் நோய், வந்தது. மேலே படர்ந்த கொழுப்பு, கிருமிக்குக் காற்றுப்படாத மறைவாக ஆகிவிட்டது. இந்த நஞ்சுக்கு வாடையோ நிறமோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று தொடங்கும். அப்படி இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"அப்போ தொக்கு?" என்று கேட்பீர்கள். தொக்கில் புளி இருக்கிறது, தண்ணீர் சுண்டும்வரை கிளறுகிறோம், உப்பும் தாராளம். அதனால்தான் அது நிற்கிறது. ஒரு கிலோ வெங்காயத்துக்கு நூறு கிராம் புளிக்குக் குறையாமல் போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரம் விட்டு வரும்வரை கிளறுங்கள். அப்படிச் செய்தாலும் ஃப்ரிட்ஜில் வைக்கத்தான் சொல்வேன், ஈரக் கரண்டி வேண்டாம். வினிகரில் ஊறவைத்தால், தண்ணீரைவிட வினிகர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஃப்ரிட்ஜில்தான். எண்ணெயில் வெறுமனே வதக்கியதை ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சிறு பொட்டலங்களாக ஃப்ரீஸரில் போடுங்கள். பச்சையாக நறுக்கியதையும் ஃப்ரீஸரில் மூன்று மாதத்துக்கு மேல் வைக்கலாம். உருகியதும் துவண்டுவிடும், தயிர்ப் பச்சடிக்கு ஆகாது, குருமாவுக்கும் சாம்பாருக்கும் குறையே தெரியாது.

கடைசியாக அந்த மூன்றாவது குவியல். "மாட்டுக்குக் கொட்டிட்டேன் மேடம்" என்பதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் மாட்டின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெள்ளாடும் செம்மறியும் ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. நாய்க்கும் பூனைக்கும் சமைத்த வெங்காயம்கூடக் கூடாது. அழுகியதைக் குழியில் மண்ணோடும் சருகோடும் கலந்து மக்கவிடுங்கள். அடுத்த முறையும் வெங்காயமே நடப்போகும் வயலில் அப்படியே வீசாதீர்கள், அழுகல் நோய் அங்கேயே தங்கிவிடும். மாடு ஏற்கனவே தின்றிருந்தால் நாலைந்து நாள் கவனியுங்கள். தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றாலோ, மூத்திரம் கருஞ்சிவப்பாக வந்தாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எத்தனை நாளாக, எத்தனை கூடை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.