டைமிங்கைத் திருப்பும் முன் வேக்கம் டப்பாவைப் பாருங்கள்

கார்புரேட்டர் வைத்த பழைய காரில் பிக்கப்பும் மைலேஜும் குறைந்துவிட்டால், பலர் டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) கொஞ்சம் திருப்பி டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, முன்னால் தள்ளிவிடுகிறார்கள். வண்டி உடனே சுறுசுறுப்பாகும். ஆனால் முழுக்க மிதித்து மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போகும்.

லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது மெதுவாகத்தான் எரியும். அதனால் ஸ்பார்க் முன்கூட்டியே வரவேண்டும். அதைச் செய்வதுதான் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்கம் டப்பா, அதாவது வேக்கம் யூனிட். கார்புரேட்டரிலிருந்து ஹோஸ் வழியாக வரும் வேக்கம் (உறிஞ்சும் இழுப்பு) அதற்குள் இருக்கும் டயஃப்ரத்தை (மெல்லிய சவ்வை) இழுக்க, அதன் கம்பி பாயின்ட் பிளேட்டை (ஸ்பார்க்கைத் தூண்டும் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை) திருப்புகிறது. முழுக்க மிதித்தால் வேக்கம் விழுந்து, அந்தக் கூடுதல் அட்வான்ஸும் (ஸ்பார்க் முந்தி வருவதும்) விலகிவிடும். கையால் தள்ளிவைத்த டைமிங் அப்படி விலகாது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, யூனிட்டில் கை வேக்கம் பம்பை மாட்டி, 15 அங்குலப் பாதரசம் (வேக்கத்தின் அளவு) வரை இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, யூனிட்டை மாற்றத்தான் வேண்டும். பம்ப் இல்லையா? சுத்தமான ஒரு ஹோஸ் துண்டை மாட்டி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கு ஒட்டியே நிற்க வேண்டும்.

முள் நிற்கிறது, பிளேட் அசையவில்லை என்றால் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். பிளேட்டைக் கழற்றும்போது அடியில் துணி வையுங்கள். சின்னக் கிளிப் உள்ளே விழுந்தால் அட்வான்ஸ் வெயிட்டுகளுக்கு (இன்ஜின் வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முந்தவைக்கும் எடைகள்) நடுவில் போய்ச் சிக்கும். சுத்தம் செய்தபின் கிரீஸ் பொட்டு அளவு போதும். பாயின்ட்டில் பட்டால் மிஸ்ஃபயர்தான். டயஃப்ரத்துக்குள் மட்டும் எந்த கிளீனரையும் அடிக்காதீர்கள்.

பிளேட்டின் எர்த் வயர்தான் ஆளை ஏமாற்றும். ஒவ்வொரு அசைவிலும் மடங்கி மடங்கி உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியில் தெரியாது. பிளேட் நகரும்போது மட்டும் மிஸ் ஆவதால் பழி கார்புரேட்டர்மேல் விழும். பிளேட்டை அசைத்துக்கொண்டே மல்டிமீட்டரில் பாருங்கள். மாற்றுவது நன்றாக வளையும் வயராக இருக்கட்டும். விறைப்பான வயர் பிளேட்டையே பிடித்துவிடும்.

புது யூனிட் பார்க்க ஒன்றுபோல இருந்தால் மட்டும் போதாது. லூகாஸ் யூனிட்டில் 5-17-10 என்று அடித்திருந்தால், 5 அங்குலத்தில் இழுக்கத் தொடங்கி, 17 அங்குலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 10 டிகிரியை எட்டும். கிராங்க் (இன்ஜினின் முக்கியத் தண்டு) கணக்கில் அது 20 டிகிரி.

கடைசியில் டைமிங். பாயின்ட் இடைவெளியை முதலில் வையுங்கள், அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்து, மேனுவலில் சொன்ன ஆர்பிஎம்மில் டைமிங் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடியுங்கள். த்ராட்டில் தட்டுக்கு மேலிருந்து வேக்கம் எடுக்கும் வண்டியில், ஹோஸை மாட்டினாலும் ஐடிலில் டைமிங் குறி நகரக் கூடாது; த்ராட்டிலைத் திறக்கும்போதுதான் நகர வேண்டும். ஐடிலிலேயே நகர்ந்தால் ஹோஸ் மேனிஃபோல்டு வாயில் (த்ராட்டில் தட்டுக்குக் கீழே) மாட்டியிருக்கிறது, அல்லது ஐடில் ஸ்க்ரூ அதிகம் திருகப்பட்டிருக்கிறது.