தீம் மியூசிக்: குறியிசையா, கருவிசையா?

'தீம்' கிரேக்கத்தில் பிறந்த சொல். அங்கே 'தேமா' என்றால் வைக்கப்பட்டது, அதாவது பேசுவதற்கென்று முன்னே வைத்த பொருள். (நம் யாப்பிலக்கணத் தேமாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் பரவி, பிறகு இசைக்குள் நுழைந்து, ஓர் ஆக்கம் முழுவதற்கும் அடியாக நிற்கும் மெட்டைக் குறித்தது. சினிமா அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

மட்டக்களப்பில் இப்போது கதாநாயகன் கதவைத் திறந்தாலே "தீம் வேற லெவல் மனே" என்கிறார்கள். சண்டைக்கு அடிக்கும் இசை, பெயர் ஓடும்போது வரும் இசை, ரிங்டோனுக்கு வெட்டிப் போட்ட துண்டு, எல்லாமே தீம்தான். உண்மையில் பின்னணி இசை அந்தந்தக் காட்சியோடு போய்விடும். தீம் திரும்பி வரவேண்டும். வரும்போது ஓர் ஆளையோ ஒரு நினைவையோ கூட்டிவரவேண்டும்.

நம் கூத்துக்களரிக்கு இது பழைய சங்கதி. கூத்தின் இரு மோடிகளான வடமோடியோ தென்மோடியோ, பாத்திரம் வரவு ஆட்டத்தோடுதான் களரிக்குள் வரும். அரசனுக்கு ஒரு தாளக்கட்டு, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டத் தொடங்கியதுமே, வருவது எப்படிப்பட்ட ஆள் என்று முன்வரிசைக் கிழவிகளுக்குப் பிடிபட்டுவிடும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களில் ஆளுக்கும் பொருளுக்கும் தனித்தனி மெட்டு வருவதை 19ஆம் நூற்றாண்டில் 'லைட்மோடிஃப்' என்றார்கள். ஹொலிவூட் அந்த வழியில் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? விழாப் பதாகைகளில் 'எனும் தொனிப்பொருளில்' என்று எழுதுகிறோமே, அதுவும் தீம்தான். ஆனால் தொனி என்பதே ஒலி. 'தொனிப்பொருள் இசை' என்றால் ஒலிக்கு மேல் ஒலி ஏறி உட்கார்ந்துவிடும். 'கருப்பொருள்' இன்னும் நெருக்கமானது. தெய்வம், உணா, மரம், புள் என்று தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள்களில் பறையும் யாழும் உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. நிலத்துக்கு நிலம் ஒலி வேறு என்று வகுத்தவர்களின் சொல் அது. அதனால் 'கருவிசை' (கரு + இசை) என்பது என் விருப்பம். வானொலிக்காரர்கள் பழக்கிவைத்த 'குறியிசை'யும் கைவசம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். 'இன்னார் வருகிறார்' என்று அறிவிப்பதோடு நின்றால் குறியிசை. கதை மாற மாற இசையின் பொருளும் மாறினால் கருவிசை.

நல்ல தீம் எது என்ற சண்டையை இந்த வேறுபாட்டை வைத்தே தீர்க்கலாம். 1975இல் வந்த 'ஜோஸ்' என்ற சுறாப் படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் வைத்தது அடிப்படையில் இரண்டே சுரம். சுறா நெருங்க நெருங்க அது வேகமெடுக்கும். சிறுவர்கள் போலிச் செட்டையை மிதக்கவிட்டு ஊரைக் கலைக்கும் இடத்தில் அந்த இசை வராது. இசை பொய் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் நமக்கு உறைக்கும். முணுமுணுக்க முடிகிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் இப்படிப்பட்டது தோற்றுப்போகும்.

'நாயகன்' (1987) படத்தில் இளையராஜாவின் 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு இன்னொரு வகை. தொடக்கத்தில் அது அநாதைச் சிறுவனுக்கான இரக்கம். கடைசியில் அதே மெட்டு வரும்போது, நாம் இரக்கப்படுவது வளர்ந்து பல உயிர்களை வாங்கிவிட்ட அவனுக்காக. சுரம் மாறவில்லை, கேட்கும் நாம்தான் வேறொரு இடத்தில் நிற்கிறோம். என் கணக்கில் கருவிசை என்றால் இதுதான்.

இன்றைய பெரிய நடிகர்களுக்குப் போடும் அதிரடிகளில் பெரும்பாலானவை குறியிசை. அதில் குறையொன்றுமில்லை, கைதட்டுவதற்கு அது போதும். பெயர் ஓடும்போது வருவதை முகப்பிசை என்று தனியே சொல்லிக்கொள்ளலாம்.