ஒரு மில்லிமீட்டர் ஆழம்: பூங்காவில் பூச்சிகளையும் செடிகளையும் நெருங்கிப் படமெடுப்பது எப்படி?

கும்பிடுபூச்சியின் முகத்தையோ தும்பைப் பூவின் உதட்டையோ மிக நெருக்கத்தில் காட்டும் படத்தைப் பார்த்தால், "இது எந்த கேமரா?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். கேமராவின் விலைக்கு இதில் பங்கு குறைவு. ஒரு பொருளை நெருங்க நெருங்க ஒளியியல் சில நெருக்கடிகளை உண்டாக்குகிறது. விலை உயர்ந்த கருவியிலும் அவை வரும். அவை என்னவென்று புரிந்துகொண்டவர், தெருமுனைப் பூங்காவிலேயே நல்ல படம் எடுத்துவிடுவார்.

முதலில் அளவைப் பார்ப்போம். பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழுந்தால் அதை 1:1 என்கிறோம். மேக்ரோ லென்ஸ் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த அளவை எட்டும். முழு அளவு சென்சாரின் நீளம் 36 மி.மீ. மாமரத்தில் ஓடும் முசுறு எறும்பு கிட்டத்தட்ட 8 முதல் 10 மி.மீ. இருக்கும். ஆக, 1:1-ல் அது படத்தின் நீளத்தில் கால் பங்கை நிரப்பிவிடும்.

சாதாரண லென்ஸ் ஏன் இவ்வளவு நெருங்க மறுக்கிறது? தொலைவில் உள்ள மலையின் பிம்பம், லென்ஸிலிருந்து அதன் குவிய தூரத்தில் விழும். பொருள் நெருங்கி வர, பிம்பம் பின்னால் தள்ளிப் போகும். 1:1-ஐ எட்ட, பொருளும் பிம்பமும் லென்ஸின் இருபுறமும் குவிய தூரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். குவிய தூரம் 50 மி.மீ. உள்ள லென்ஸ் என்றால் அதை இன்னும் 50 மி.மீ. முன்னால் நகர்த்தியாக வேண்டும். சாதாரண லென்ஸின் திருகு அவ்வளவு தூரம் போகாது. அந்தக் குறையைத்தான் எக்ஸ்டென்ஷன் டியூப் தீர்க்கிறது. உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய் அது. 25 மி.மீ. குழாயை 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் பாதி அளவுப் பிம்பம் கிடைத்துவிடும். பழைய 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டுவது இன்னும் மலிவான வழி. கைபேசியில் கிளிப் மாட்டிப் பயன்படுத்தும் சிறு லென்ஸும் மோசமில்லை. ஆனால் பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம்வரை நெருங்க வேண்டியிருக்கும். அதற்குள் தட்டான் பறந்துவிடும்.

சரி, நெருங்கியாயிற்று. இப்போது ஆழம் போய்விடுகிறது. லென்ஸின் துளை அளவை எஃப் எண்ணால் சொல்கிறோம், எண் கூடினால் துளை சுருங்கும். 1:1-ல் எஃப் 2.8 வைத்தால் தெளிவாக விழும் பகுதியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஈயின் கண்ணில் ஃபோகஸ் செய்தால் அதன் மூக்குப் பகுதி மங்கிவிடும். எஃப் 11-க்குப் போனால்கூட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அப்படியானால் துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 வைக்கலாமே என்று தோன்றும். அங்கே ஒளியின் அலை இயல்பு குறுக்கே வருகிறது. சிறு துளை வழியே போகும் ஒளி விரிந்துபோகும், எனவே ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகப் பதியும். லென்ஸ் முன்னே நகர்ந்திருப்பதால் 1:1-ல் எஃப் 11 என்பது உண்மையில் எஃப் 22 போலவே நடந்துகொள்ளும். அப்போது அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஃப் 22 வைத்தால் இது 60 மைக்ரானை நெருங்கும். 24 மெகாபிக்சல் முழு அளவு சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். ஆழம் கூடும், கூர்மை மொத்தமாகப் போகும். எஃப் 8 முதல் 11 வரை நின்றுகொள்வதுதான் என் கணக்கில் சரி.

கிடைத்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் படம் இருக்கிறது. இறக்கை மடித்து அமர்ந்த வெந்தய வரியன் பட்டாம்பூச்சி கிட்டத்தட்ட ஒரு தட்டையான தாள். அதற்கு இணையாகச் சென்சாரைப் பிடித்தால் இறக்கை முழுவதும் தெளிவாக விழும், சற்றுச் சாய்த்தாலும் பாதி போய்விடும். சிலந்தியை முகத்துக்கு நேராக எடுத்தால் கண்கள் மட்டும் போதும். உடல் மங்கினாலும் பார்ப்பவர் மனம் குறைசொல்லாது. தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். 1:1 போன்ற பிம்ப அளவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்துவதே எளிது.

அடுத்த நெருக்கடி ஒளி. 1:1-க்கு நீட்டிய லென்ஸ், சென்சாருக்குக் கால் பங்கு ஒளியைத்தான் கொடுக்கும். எஃப் 2.8-லிருந்து 11-க்குப் போனதில் அது மேலும் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டும் சேர்ந்து 64-ல் ஒரு பங்கு. ஒளி குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். ஆனால் செடி சும்மா நிற்பதில்லை. லேசான காற்றில் ஒரு பூ நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/200 நொடியில் அது அரை மில்லிமீட்டர் நகரும். பிம்பமும் அதே அரை மில்லிமீட்டர், அதாவது எண்பதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள் இழுபடும்.

இங்கேதான் பிளாஷ் கைகொடுக்கிறது. குறைந்த சக்தியில் வெளிப்புற பிளாஷ் மின்னும் நேரம் 1/10,000 நொடி அளவுதான். அந்த நேரத்தில் அதே பூ 10 மைக்ரான், அதாவது இரண்டு பிக்சலுக்கும் குறைவாக நகரும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும், எஃப் 11-ல் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவை, குறைவாக வைத்தால் நிழலில் உள்ள வெளிச்சம் ஏறக்குறையப் பதிவதே இல்லை. பிளாஷ் மின்னும் நேரமே ஷட்டராகிவிடுகிறது. பட்டப்பகலில் எதற்கு பிளாஷ் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பின்னணி கறுப்பாகிவிடும் என்ற குறை உண்மைதான். பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு இலை இருக்கும்படி கோணத்தைத் தேர்ந்தால் அந்தக் கறுப்பு போய்விடும்.

பிளாஷை நேராக அடித்தால் பொறிவண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டுதான் தெரியும். கைட்டின் என்ற பொருளாலான அதன் ஓடு பளபளப்பானது, ஒளி மூலத்தையே அப்படியே பிரதிபலிக்கும். ஒளி மூலத்தைப் பெரிதாக்கினால் பிரதிபலிப்பும் பரந்து மென்மையாகும். பட்டர் பேப்பரோ வெள்ளை பிளாஸ்டிக் தாளோ வைத்து ஒளியைப் பரப்பும் டிஃப்யூசரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதைப் பூச்சிக்கு எவ்வளவு அருகில் கொண்டுவருகிறோமோ அவ்வளவு நல்லது.

முக்காலியைப் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். அதை நிறுத்துவதற்குள் செடி அசையும், பூச்சி போய்விடும், காவலாளியும் வந்து விசாரிப்பார். வேறொரு நல்ல உத்தி உண்டு. இடக்கை விரல்களால் தண்டைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸை ஊன்றுங்கள். காற்று அடித்தாலும் கை நடுங்கினாலும் பூவும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். முசுறு ஓடும் கிளையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

எங்கே தேடுவது? மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவானாலும் உங்கள் காலனிப் பூங்காவானாலும், வெட்டி மட்டமாக்கிய புல்தரையில் பெரிதாக எதுவும் இருக்காது. வேலியோரம், குழாயடி, தோட்டக்காரரின் கத்தி எட்டாத மூலை இவைதான் இடம். எருக்கு இருந்தால் வெந்தய வரியனின் புழு இருக்க வாய்ப்புண்டு. பூங்காவைப் பராமரிப்பவர்கள் அந்த ஒரு மூலையையாவது களையெடுக்காமல் விட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

நேரம் என்றால் விடியற்காலை. இரவுக் குளிர்ச்சியில் பூச்சிகளின் உடல் சுறுசுறுப்பாகியிருக்காது, சென்னையில் கடற்காற்றும் எழுந்திருக்காது. நீலப் பட்டைத் தேனீக்கள் தாடைகளால் மெல்லிய தண்டைக் கவ்விப் பிடித்தபடியே தூங்கும். வெயில் ஏறுவதற்குள் போனால் அவற்றை அதே நிலையில் பார்க்கலாம். அப்புறம் அவற்றின் பார்வையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மனிதக் கண் நொடிக்குச் சுமார் 60 ஒளித்துடிப்புகளைப் பிரித்தறியும் என்றால், ஈயின் கண் 200-க்கும் மேல் அறியும். நம் வேகம் அதற்கு மெதுவான அசைவு. பக்கவாட்டில் நகராமல் நேர்கோட்டில் மெல்லப் போங்கள். நிழல் அதன்மேல் விழக் கூடாது.

கும்பிடுபூச்சியின் கண்ணில் ஒரு கரும்புள்ளி நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் உங்களையே பின்தொடரும். அங்கே கண்மணி எதுவும் இல்லை. கூட்டுக்கண் என்பது ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் தொகுப்பு. ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டிப் பார்த்தால் நமக்கு நேரே இருப்பவற்றின் அடிவரை மட்டும் தெரிவதுபோல, கேமராவை நேராக நோக்கும் குழாய்கள் மட்டும் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிகின்றன. மற்றவற்றின் வெளிர் சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டு கண்களிலும் அந்தப் புள்ளி தெரியும் கோணத்தில் எடுத்த படத்தில், பூச்சி நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

செடிகளைப் பூச்சிக்குப் பின்னணி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. நடைபாதை ஓரம் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பூவாகத் தெரிவது உண்மையில் ஒரு கூட்டம். ஓரத்தில் மூன்று பல்லுள்ள வெளிர் இதழ் ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவில் மஞ்சளாக நிற்பவையும் தனித்தனிப் பூக்கள். நெருங்கினால் அவற்றின் சூல்முடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருப்பதுகூடத் தெரியும். சேம்பிலையில் உருளும் நீர்த்துளியின் அடியில் வெள்ளி போல மின்னுவது காற்று. இலையின் நுண்மேடுகளும் மெழுகும் துளியைத் தூக்கிப் பிடிக்க, இடையில் சிக்கிய காற்றுப் படலம் ஒளியைத் திருப்புகிறது. துளியே ஒரு லென்ஸ் என்பதால், பின்னால் உள்ள பூ அதற்குள் தலைகீழாகத் தெரியும். அந்தத் தலைகீழ்ப் பூவில் ஃபோகஸ் செய்ய வேண்டும், துளியின் விளிம்பில் அல்ல.

அசையாத பொருள் என்றால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருளில் இணைக்கலாம். பூவுக்கும் விதைக்கும் இது மிக நன்றாக அமையும். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை.

எடுத்த படம் இனங்காணவும் உதவ வேண்டுமானால் ஒரே கோணம் போதாது. முசுறுக் கூட்டத்தருகே ஓடும் ஓர் 'எறும்பு', முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கிப் பிடித்திருக்கும் சிலந்தியாக இருக்கலாம். முகத்தை நெருங்கி எடுத்தால்தான் எட்டுக் கண்கள் தெரியும். பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் அடிப்புறம், தட்டானுக்கு மார்பின் பக்கவாட்டும் வால் நுனியும், ஈக்கு இறக்கை நரம்புகள் தேவை. உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனங்காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் ஏற்றும்போது அது அமர்ந்திருந்த செடியின் இலையையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். புழுக்களைப் பொறுத்தவரை, இனங்காண்பவர் முதலில் கேட்பது அந்தச் செடியின் பெயரைத்தான்.