கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத இரும்பு

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். கொடைக்கானல் போனபோது ஆசையாக வாங்கி வந்த வெள்ளை அசேலியா. வரும்போது பூவும் பச்சையுமாக இருந்த செடி, வீட்டுத் தோட்டத்தில் நட்ட இரண்டே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. கண் பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருக்கிறார். செடி தேறவில்லை. உரம் போதவில்லையா, தண்ணீர் போதவில்லையா என்று கேட்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. கொழுந்துதான் வெளிறியிருக்கிறது, அதிலும் நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புப் பற்றாக்குறை. பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பச்சையத்தைக் கட்டும் வேலைக்கு இரும்பு வேண்டும். பழைய இலையில் சேர்ந்த இரும்பைக் கொழுந்துக்கு எளிதில் மாற்றிக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால் முதல் அடி இளசுக்கு.

சரி, மண்ணில் இரும்பே இல்லையா? வேண்டிய மட்டும் இருக்கிறது. துருப்பிடித்த படகு ஆணி ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நாள் கணக்கில் கிடந்தாலும் துரு கரையாது. எலுமிச்சைச் சாற்றில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். வேர் குடிப்பது கரைந்த இரும்பைத்தான். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண் பி.எச்.; எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். அது ஒரு படி ஏறினால், ஃபெரிக் அயனியாகக் கரைந்திருக்கும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 5-லிருந்து 8-க்குப் போனால் 100 கோடியில் ஒரு பங்கு!

மன்னார் வளைகுடாக் கரையில் பவளமும் சங்கும் சிப்பியும் நொறுங்கி மண்ணோடு கலந்திருக்கின்றன. ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டால் நுரைக்கும்; அது சுண்ணாம்பு, பி.எச்.-ஐ ஏற்றிவிடும். அசேலியாவோ சீன, ஜப்பானிய மலைகளின் புளித்த மண்ணில் வளர்ந்த இனம், பி.எச். 4.5 முதல் 6 வரைதான் அதற்குப் பிடிக்கும். அதன் மெல்லிய வேர்களில் வேர்த்தூவிகூடக் கிடையாது. வேரின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சைதான் ஊட்டம் தேடித் தருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வேருக்குள் நுழைந்த இரும்பு தனியாக மேலே ஏறுவதில்லை; விட்டால் அங்கேயே படிந்துவிடும். சிட்ரிக் அமிலம் அதைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை மேலேற்றும் சைலம் குழாய் வழியே இலை வரை கொண்டுபோகிறது. வாசலில் தொங்கும் எலுமிச்சையைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான்! இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. திருஷ்டி என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அந்த மஞ்சள் இலை சொல்ல வந்த சேதி நமக்குக் கிடைக்காமலே போகிறது.

அப்படியானால் எலுமிச்சைச் சாற்றை வேரில் ஊற்றலாமா? வேண்டாம். சுண்ணாம்பு அதை முறித்துவிடும், மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மண்ணில் அமிலமாக மாறும் கந்தகமும் தரைக்குக் கட்டுப்படியாகாது. 100 கிலோ மண்ணில் 10 கிலோ சுண்ணாம்பு இருந்தால், அதை முறிக்க மட்டும் 3.2 கிலோ கந்தகம் வேண்டும். செடியைத் தொட்டிக்கு மாற்றுங்கள். உப்புப் போக நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும் போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுண்ணாம்பு திரும்பவும் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். இரும்பு உரம் வாங்கினால், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையாகக் கேளுங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச்., இரும்பு இரண்டையும் அளக்கிறார்கள். வயலுக்குக் கிடைக்கும் இந்த வசதி வீட்டுத் தோட்டத்துக்கும் வர வேண்டும், பள்ளிகளிலாவது இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

காலை வெயில் போதும், மதியம் நிழல் வேண்டும். கிளை வெட்டுவதானால் பூ உதிர்ந்ததுமே வெட்டிவிடுங்கள், தாமதித்தால் அடுத்த மொட்டும் சேர்ந்து போய்விடும். மொட்டு ஒழுங்காக விரியச் சில வாரக் குளிர் தேவை. நம் கடற்கரையில் அது இல்லாததால், மலையில் பார்த்த அளவுக்குப் பூக்காது. பழைய மஞ்சள் இலை தேறாவிட்டாலும் கவலை வேண்டாம், அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: அசேலியா இலை ஆடுகளுக்கு நஞ்சு. தொட்டியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.