கோதுமையும் இல்லை, காதும் இல்லை

தார் பாலைவனம் பற்றிய ஒரு படத்தின் தமிழ்க் குரலில் மறுபடியும் அந்தப் பெயர்: ‘பாலைவனக் கோதுமைக்காது’. திரையில் மணல் நிறமும் கறுத்த தொண்டையுமாக ஒரு சின்னக் குருவி கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. கோதுமைக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

ஆங்கிலத்தில் அது டெசர்ட் வீட்டியர். ‘வீட்’ கோதுமை, ‘இயர்’ காது என்று பிரித்துவிடுகிறார்கள். உண்மையில் அது ‘வெள்ளைப் பிட்டம்’ என்று பொருள்படும் ‘வைட் ஆர்ஸ்’ என்ற பழைய ஆங்கில நாட்டுப்புற வழக்கின் மருவல். கடைசியில் இருந்த ‘ஸ்’ ஒலியைப் பன்மை என்று நினைத்து வெட்டியதில் இன்றைய வடிவம் வந்தது. பிரெஞ்சு வழக்கிலும் இந்த இனம் வெள்ளைப் பிட்டம்தான்.

கோதுமைக்காது தப்பு என்று கேட்டதுமே தெரிந்துவிடும். எனக்குப் பெரிய கவலை, ‘இயர்’ என்பதைக் கதிர் என்று எடுத்து வைக்கிற ‘கோதுமைக் கதிர்க்குருவி’. அழகான தமிழ் போல இருப்பதால் அது நிலைத்துவிடும். ஆனால் தமிழில் கதிர்க்குருவி ஏற்கெனவே வேறு பறவை. நம் தோட்டத்துப் புதரில் வாலைத் தூக்கிக்கொண்டு திரிகிற சாம்பல் கதிர்க்குருவியைப் பார்க்காதவர் குறைவு. அதன் பெயரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தால் இரண்டும் குழம்பும். படிக்கிற பிள்ளை இதைக் கோதுமை வயலில் தேடும். இதுவோ வட ஆப்பிரிக்காவிலிருந்து மங்கோலியா வரை வறண்ட நிலங்களில் கல் இடுக்கிலும் எலி வளையிலும் கூடு கட்டுவது. எறும்பும் வண்டும் தின்பது. குளிர்காலத்தில் ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் வருவது.

சரி, ‘வெண்வால்’ என்று வைக்கலாமே என்பார்கள். பிட்டம் என்று எழுதக் கூச்சம். ஆனால் இதன் வால் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. மற்ற வீட்டியர்களிடமிருந்து இதைப் பிரித்தறியவே அந்தக் கறுப்பு வால்தான் அடையாளம். ‘வெண்முதுகு’ம் ஆகாது, முதுகு மணல் நிறம். வெள்ளை இருப்பது வால் தொடங்கும் இடத்தில். வாலடிப் புழையைச் சொல்லி, செம்புழைக் கொண்டைக்குருவி என்று கூசாமல் பெயர் வைத்த மொழி நம்முடையது.

மொழிபெயர்ப்பவர்கள் பறவையின் ஒரு படத்தையாவது பார்க்க வேண்டும். அகராதியில் சொல்லை இரண்டாக வெட்டித் தேடுவது மொழிபெயர்ப்பு ஆகாது. ஆங்கிலேயர் வாயில் மருவிப்போன பிழையைத் தமிழில் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

‘பாலை வெண்பிட்டன்’ என்பேன். ‘பாலைவன’ என்று நீட்டத் தேவையில்லை. வீட்டியர் என்று வருகிற மற்ற பறவைகளுக்கும் வெண்பிட்டனையே பொதுப்பெயராக வைத்து, முன்னால் நிறத்தையோ இடத்தையோ சேர்த்துக்கொள்ளலாம்.